மொக்கை உளிக்கு குட்பை!

ரெண்டு மரக்கட்டை, ஒரு மார்க்கர் பேனா, கொஞ்சூண்டு ட்ரிக்னாமெட்ரி... கடைசல் உளியைக் கூராக்க இது போதும் பாஸ்!

வேலூர்ல இருந்து திருவண்ணாமலை ரோட்டைப் பிடிச்சா, சீக்கிரமே கணியம்பாடி வந்துடும். அங்கிருந்து அமிர்தி பக்கம் திரும்பினா ஜவ்வாது மலை. சந்தனத்துக்குப் பேர் போன மலைன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா, இந்த மாதிரி வறண்ட மலைக்காடுகளில் சத்தமே இல்லாம இன்னொரு மரமும் வளருது. பேரு வெப்பாலை. தோல் வியாதிக்கு நாட்டு மருந்துக் கடையில் ஊதா கலர்ல ஒரு தைலம் தருவாங்களே, அது இந்த மரத்தோட இலையில் இருந்து வர்றதுதான். இதே மரத்தோட வெள்ளைக் கட்டையிலதான் கர்நாடகாவின் சென்னபட்டணா பொம்மையையும், ஆந்திராவின் ஏட்டிகொப்பாக்கா பொம்மையையும் கடையறாங்க.

'கடையறாங்க'ன்னா? மரத்தை லேத்துல சுத்தவிட்டு, உளியை வெச்சு உருட்டி எடுக்கறது. தமிழ்ல இதுக்கு 'கடைசல்'னு அழகான பேர் இருக்கு. கட்டில் கால், பம்பரம், பூரிக்கட்டை, அம்பாசமுத்திரம் மரச் சொப்பு... எல்லாமே கடைசல் அயிட்டம்தான். கும்பகோணம் பக்கத்துல இருக்கிற நரசிங்கம்பேட்டையில ஆச்சா மரத்தைக் கடைஞ்சு செய்யற நாதஸ்வரத்துக்கு 2022-ல புவிசார் குறியீடே கிடைச்சிருக்கு.

இப்போ மேட்டருக்கு வருவோம். ஒரே மரம், ஒரே லேத்து. ஒருத்தர் கடைஞ்சா கண்ணாடி மாதிரி வழவழ. இன்னொருத்தர் கடைஞ்சா கரும்புச் சக்கை மாதிரி நார் நாரா பிய்ஞ்சு நிக்குது. ஏன்? 'கைராசி'ன்னு சொல்லிட்டுப் போயிடாதீங்க. பாதி விஷயம் உளியோட வாயில இருக்கு. அந்த வாயை யார் வேணும்னாலும் கூராக்கலாம். அதுக்கு வருஷக்கணக்கான அனுபவம் வேணும்கிறது பாதி உண்மைதான். மீதிப் பாதியை வீட்டிலேயே செய்யற ஒரு மரக்கட்டை பார்த்துக்கும்.

ஒரு நிமிஷத்துக்கு 280 மீட்டர்!

கடைசல் உளி ஏன் அடிக்கடி மொக்கையாகுது? கணக்குப் போட்டுப் பாருங்க. 60 மி.மீ விட்டமுள்ள கட்டை, நிமிஷத்துக்கு 1500 சுற்று. சுற்றளவைச் சுற்றால பெருக்கினா, ஒரு நிமிஷத்துல சுமார் 280 மீட்டர் மரம் உளியோட வாயை உரசிட்டுப் போகுது. முக்கால் மணி நேரம் கடைஞ்சா 12 கிலோமீட்டரைத் தாண்டிடும். ஏறக்குறைய கணியம்பாடியில் இருந்து வேலூர் போற தூரம்! அவ்வளவு தூரம் மரத்துல இழுத்தா எந்த இரும்புதான் தாங்கும்?

அதனால கடைசல்காரங்களுக்குக் கூர் தீட்டறது வருஷத்துக்கு ஒருமுறை வர்ற ஆயுத பூஜை இல்லை. ஒரு வேலைக்கு நடுவிலேயே நாலு தடவை எழுந்து போய் சாணைக்கல்லில் ஒரு தொடு தொட்டுட்டு வருவாங்க. நாம பெரும்பாலும் போறதில்லை. காரணம் சோம்பேறித்தனம் இல்லை, பயம். 'கல்லுல வெச்சா இருக்கிற கூரும் போயிடுமோ'ங்கிற பயம்.

அந்த பயத்துல நியாயம் இருக்கு. வெறுங்கையால உளியைப் பிடிச்சுக் கல்லில் வெச்சா, ஒவ்வொரு தடவையும் ரெண்டு டிகிரி, மூணு டிகிரி மாறும். விளைவு? உளியோட சரிவு ஒரே முகமா இல்லாம, பட்டை தீட்டின கல் மாதிரி பல முகமாயிடும். கடைசல்ல இதுதான் பெரிய வில்லன். ஏன்னா, அந்தச் சரிவு சும்மா அழகுக்கு இல்லை. சுத்தற மரத்து மேல முதல்ல சரிவைச் சாய்ச்சு வெச்சு, அப்புறம் மெதுவா வாயை இறக்கறதுதான் கடைசலோட அடிப்படை. சரிவு ஒரே சீரா இருந்தா உளி மரத்து மேல சப்பணம் போட்டு உட்காரும். பல முகமா இருந்தா எதுல உட்காரும்? திடீர்னு வாய் மாட்டி, 'படார்'னு உளியைப் பிடுங்கும். கட்டை பறக்கும். கை விரலுக்கும் ஆபத்து.

ஆக, மொக்கை உளி ரெண்டு வகையில் டேஞ்சர். ஒண்ணு, வேலை அசிங்கமா வரும். ரெண்டு, வெட்டலையேன்னு நீங்க அழுத்துவீங்க. அழுத்தினா மாட்டும்.

டெய்லர் சார் சொன்ன ரகசியம்

மெக்கானிக்கல் மக்களே, டூல் லைஃப் ஈக்வேஷன்னு ஒண்ணு மனப்பாடம் பண்ணியிருப்பீங்களே... அதைக் கொடுத்த எஃப்.டபிள்யூ.டெய்லர்தான் இந்தக் கதையிலும் வர்றார். இவரும் மான்செல் ஒயிட்டும் சேர்ந்து, 1898 வாக்கில் அமெரிக்காவின் பெத்லஹேம் ஸ்டீல் கம்பெனியில் செஞ்ச சோதனைகள்தான் ஹைஸ்பீடு ஸ்டீலுக்கு வழி போட்டது. இன்னிக்குக் கடையில வாங்கற நல்ல கடைசல் உளிகள் எல்லாம் அந்த வம்சம்தான்.

டெய்லர் இன்னொரு வேலையும் செஞ்சார். அதுவரைக்கும் ஒவ்வொரு தொழிலாளியும் தன் டூலைத் தன் இஷ்டத்துக்குத் தீட்டிக்கிட்டு இருந்தாங்க. 'அதெல்லாம் கூடாது. எந்த டூலுக்கு எந்த ஆங்கிள்னு முடிவு பண்ணி, டூல் ரூம்ல அளவு மாறாமத் தீட்டித்தான் கொடுக்கணும்'னார். 1906-ல் அமெரிக்க மெக்கானிக்கல் என்ஜினீயர்கள் சங்கத்துல அவர் படிச்ச நீளமான கட்டுரையிலும் இதை வலியுறுத்தினார்.

அவர் சொன்னதுல பாதி ரொம்பக் கரெக்ட். கூர்மைங்கிறது மேஜிக் இல்லை, ஒரே ஆங்கிளைத் திரும்பத் திரும்பக் கொண்டுவர்றது. ஆனா, இன்னொரு பாதியில ஒரு சிக்கல். தீட்டற வேலை தொழிலாளி கையை விட்டுப் போயிடுச்சு. நம்ம காலேஜ் ஒர்க்‌ஷாப்பை நினைச்சுப் பாருங்க. ரேக் ஆங்கிள், கிளியரன்ஸ் ஆங்கிள், டூல் சிக்னேச்சர்னு பரீட்சையில ஏழு நம்பரை வரிசையா எழுதறோம். ஆனா, அந்த ஆங்கிளை ஒரு இரும்புத் துண்டுல நம்ம கையால கொண்டுவந்தவங்க கிளாஸ்ல எத்தனை பேர்? தீட்டின டூல் கையில வரும், வேலை முடிஞ்சதும் திருப்பிக் கொடுப்போம். அவ்வளவுதான்.

வீட்டில் செய்யற வழிகாட்டிக் கட்டை இந்த ரெண்டு பாதியையும் சேர்த்து வைக்குது. அளவும் மாறாது, வேலையும் உங்க கையில!

எந்த உளிக்கு எந்த ஆங்கிள்?

இது கல்வெட்டு இல்லை. ஆளாளுக்குக் கொஞ்சம் மாறும். ஆரம்பிக்கறவங்களுக்கு இந்தக் கணக்கு போதும்.

சதுரக் கட்டையை உருண்டையாக்கற பெரிய குழி உளி (ரஃபிங் கௌஜ்): 45 டிகிரி.
வளைவு, பள்ளம் எடுக்கிற சின்ன குழி உளி (ஸ்பிண்டில் கௌஜ்): 35 முதல் 40 டிகிரி.
சாய்ந்த வாய் உளி (ஸ்க்யூ): ரெண்டு பக்கச் சரிவும் சேர்த்து 35 முதல் 40 டிகிரி.
அறுத்துப் பிரிக்கிற உளி (பார்ட்டிங் டூல்): ரெண்டு பக்கமும் சேர்த்து 50 டிகிரி.
சுரண்டு உளி (ஸ்க்ரேப்பர்): 70 முதல் 80 டிகிரி.

ஆங்கிள் குறைஞ்சா வெட்டு சுத்தமா வரும், ஆனா வாய் சீக்கிரம் மழுங்கும். கூடினா நாள்பட உழைக்கும், ஆனா வெட்டு கொஞ்சம் முரடு. ஆச்சா மாதிரி இரும்பு மரத்துக்கும் வெப்பாலை மாதிரி சாது மரத்துக்கும் ஒரே ஆங்கிள் சரிப்படாதுங்கிறது இதனாலதான்.

வழிகாட்டி 1: சாய்வு மேஜை

ஸ்க்ரேப்பர், பார்ட்டிங் டூல், ஸ்க்யூ... இந்த மாதிரி தட்டையான உளிகளுக்கு இது.

18 மி.மீ பிளைவுட்ல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பலகை. அதைத் தாங்க, கீழே ஒரு ஆப்பு வடிவக் கட்டை. ஆப்போட சாய்வுதான் உங்க ஆங்கிளை முடிவு பண்ணுது. ரெண்டையும் ஸ்க்ரூ போட்டு இணைச்சு, கிரைண்டர் வீலுக்கு முன்னாடி மேஜையோட சி-கிளாம்ப் வெச்சு இறுக்கிடுங்க. வீலுக்கும் பலகைக்கும் நடுவுல இடைவெளி 3 மி.மீக்கு மேல போகவே கூடாது. போனா, உளி உள்ளே இழுபட்டு மாட்டிக்கும்.

'ஒவ்வொரு ஆங்கிளுக்கும் திருகித் திருகி மாத்தற மாதிரி பண்ணலாமே?' பண்ணலாம். ஆனா, ஒரு ஆங்கிளுக்கு ஒரு கட்டைன்னு தனித்தனியா செஞ்சு, மேலே '50', '75'னு எழுதி வெச்சுக்கறது பெஸ்ட். நட்டு லூஸாகி ஆங்கிள் மாறுங்கிற கவலையே இல்லை.

அட்டையில புரொட்ராக்டர் வெச்சு அதே ஆங்கிளை வெட்டி ஒரு அளவுக்காட்டி செஞ்சுக்குங்க. தீட்டின உளியை அதுல பொருத்தி வெளிச்சத்துல பிடிங்க. இடுக்கு வழியா வெளிச்சம் தெரியலைன்னா, பாஸ்!

வழிகாட்டி 2: நீட்டு கை

குழி உளிக்குச் சாய்வு மேஜை சரிவராது. அதை உருட்டி உருட்டித் தீட்டணும். இங்கேதான் வருது 'நீட்டு கை'. கேக்க பந்தாவா இருந்தாலும், விஷயம் சிம்பிள்.

சுமார் 40 மி.மீ சதுரத்துல, அரை மீட்டருக்குக் குறையாத ஒரு நேரான கெட்டி மரச்சட்டம். கிரைண்டருக்கு அடியில, நாலு பட்டி அடிச்ச ஒரு பெட்டிக்குள்ள அது டிராயர் மாதிரி முன்னும் பின்னும் ஓடணும். பக்கத்துல ஒரு போல்ட், இறுக்கினா அசையக் கூடாது. சட்டத்தோட வெளி முனையில, 'வி' வடிவத்துல பள்ளம் வெட்டின ஒரு கட்டை. அவ்வளவுதான்.

உளியோட கைப்பிடி முனையை அந்தப் பள்ளத்துல உட்கார வெச்சு, இரும்பை வீலோட மேல்பக்கத்துல சாய்ச்சு வையுங்க. இடமும் வலமும் மெதுவா உருட்டுங்க. கைப்பிடி முனை நகராது, அதனால ஆங்கிளும் நகராது. உங்க மணிக்கட்டு நடுங்கினாலும் சரிவு ஒரே சீரா வரும்.

கணக்குப் பிரியர்களுக்கு ஒரு போனஸ். வீலோட ஆரம், உளியோட மொத்த நீளம், வீலோட மையத்துக்கும் பள்ளத்துக்கும் உள்ள தூரம்... இந்த மூணும் ஒரு முக்கோணம். தூரத்தோட வர்க்கத்துல இருந்து மத்த ரெண்டோட வர்க்கத்தையும் கழிச்சு, வர்றதை ஆரத்தையும் நீளத்தையும் பெருக்கினதோட இரு மடங்கால வகுத்தா, சரிவு ஆங்கிளோட சைன் கிடைக்கும். பிளஸ் டூ கொசைன் விதிதான், வேற ஒண்ணுமில்லை!

போட்டுப் பார்ப்போமா? 150 மி.மீ வீல், அதாவது ஆரம் 75. உளி நீளம் 400. 45 டிகிரி வேணும்னா பள்ளம் மையத்துல இருந்து 456 மி.மீ தள்ளி இருக்கணும். 40 டிகிரிக்கு 452. வெறும் 4 மி.மீ வித்தியாசத்துல 5 டிகிரி மாறிடுது! சட்டத்தை வெளியே இழுத்தா ஆங்கிள் கூடும், உள்ளே தள்ளினா குறையும்.

இன்னும் கேளுங்க. சட்டத்தை அசைக்காமலேயே விட்டாலும், உளி தேய்ஞ்சு 10 மி.மீ குட்டையாயிட்டா அதே 45 டிகிரி 59-க்குப் போயிடும். வீல் தேய்ஞ்சு ஆரம் 70 ஆனா 50 டிகிரி. 'போன வருஷம் செட் பண்ணி மார்க் போட்டேன், அதே மார்க்ல வெச்சேன், ஏன் சரியா வரலை'ன்னு குழம்பறவங்களுக்குப் பதில் இந்தக் கணக்குல இருக்கு. மார்க்கை நம்பாதீங்க. உளியைக் கேளுங்க.

மார்க்கர் சொல்லும் உண்மை

உளியை எப்படிக் கேக்கறது? கறுப்பு மார்க்கர் பேனாவால சரிவு முழுக்கப் பூசுங்க. கிரைண்டர் சுவிட்சைப் போடாதீங்க, பிளக்கையே பிடுங்கிடுங்க. உளியை வழிகாட்டியில வெச்சு, வீலைக் கையால ஒரு சுத்து சுத்துங்க.

மை எங்கே அழிஞ்சிருக்கு? வாய் நுனியில மட்டும் அழிஞ்சா, செட்டிங் ஆங்கிள் பெருசு. சட்டத்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளுங்க. சரிவோட பின்பக்கம் மட்டும் அழிஞ்சா, ஆங்கிள் சின்னது. வெளியே இழுங்க. நுனி முதல் பின்பக்கம் வரை ஒரே சீரா கோடு விழுந்தா... சூப்பர்! இப்போ பிளக் போடலாம்.

இதுல கிடைக்கிற பெரிய லாபம் இரும்பு. செட்டிங் சரியா இருந்தா, ரெண்டு மூணு செகண்ட் லேசா தொட்டாலே கூர் திரும்பிடும். குத்துமதிப்பா வெச்சா, சரிவையே புதுசா உருவாக்கற மாதிரி இரும்பு தீப்பொறியா பறந்து போகும். நல்ல உளி விலை என்னன்னு கடையில கேட்டுப் பாருங்க. அந்தத் தீப்பொறி எல்லாம் உங்க பாக்கெட் மணி!

வழிகாட்டி 3: கிரைண்டரே இல்லையா?

கவலைப்படாதீங்க. மார்பிள் கடையில வீசற கிரானைட் துண்டு ஒண்ணு, அது மேல 120, 400-ன்னு ரெண்டு எமரி ஷீட் ஒட்டுங்க. ஒரு மரக்கட்டையைத் தேவையான சாய்வுல அறுத்து, சாய்ந்த முகத்து மேல ஸ்க்யூவை ரப்பர் பேண்டாலோ சின்ன கிளாம்பாலோ பிடிச்சு, கட்டையோட சேர்த்து முன்னும் பின்னும் இழுங்க. மெதுவான வேலைதான். ஆனா சூடேறாது, தீப்பொறி இல்லை, ஹாஸ்டல் ரூம்லயே பண்ணலாம். வார்டன் திட்ட மாட்டார்!

நீலம் பாரிச்சா முடிஞ்சது

பழைய கார்பன் ஸ்டீல் உளியா? கல்லில் வைக்கும்போது நுனியோட கலரைக் கவனிங்க. முதல்ல வைக்கோல் மஞ்சள், அப்புறம் பிரவுன், அப்புறம் நீலம். நீலம்னா சுமார் 300 டிகிரி செல்சியஸ் தொட்டாச்சு, அந்த இடம் பதம் போயாச்சு. அதுக்கப்புறம் எவ்வளவு தீட்டினாலும் நிக்காது. நீலமான பாகம் மொத்தமும் தேய்ஞ்சு போகணும். அதனால லேசா தொட்டு, அடிக்கடி தண்ணியில முக்கி எடுங்க.

ஹைஸ்பீடு ஸ்டீல் 500 டிகிரி தாண்டியும் பதம் விடாது. அதைக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணியில முக்கினா கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு வரலாம். தானா ஆறவிடுங்க.

பழைய அரத்தைத் தீட்டி உளியாக்கற ஐடியா இருந்தா, ஒரு நிமிஷம். அரம் கண்ணாடி மாதிரி. கடினம் அதிகம், ஆனா அடி தாங்காது. சுத்தற கட்டையில மாட்டினா 'டப்'னு உடைஞ்சு முகத்துக்கு வரும். பதம் மாத்தாம அரத்தை லேத்து பக்கமே கொண்டு போகாதீங்க.

இதையும் படிங்க, ப்ளீஸ்!

* கண்ணாடி கட்டாயம். பவர் கிளாஸ் கணக்குல வராது. சைடும் மூடற கண்ணாடி.
* துப்பட்டா, தொங்கற ஐடி கார்டு, விரிச்ச முடி, கையுறை, நாலுக்கும் கிரைண்டர் பக்கத்துல தடா.
* புது வீல் மாட்டறதுக்கு முன்னாடி, விரல்ல தொங்கவிட்டு உளிக் கைப்பிடியால தட்டுங்க. 'டிங்'னு மணிச் சத்தம் வந்தா நல்லது. 'டப்'னு செத்த சத்தம் வந்தா விரிசல் இருக்கு. தூக்கிப் போடுங்க.
* சுவிட்ச் போட்டதும் ஒரு நிமிஷம் சைடுல நில்லுங்க. வீலுக்கு நேரா நிக்காதீங்க.
* முதல்ல உளியை வழிகாட்டியில வையுங்க, அப்புறம்தான் வீல் மேல இறக்கணும். வீலோட நடுமட்டத்துக்குக் கீழே உளி போகக் கூடாது.
* கிரைண்டர் பக்கத்துல மரத்தூள் குவிஞ்சு கிடக்கக் கூடாது. தீப்பொறி யாரையும் கேட்டுட்டு வராது.
* மரத்துக்கு ஜவ்வாது காட்டுக்குள்ள போயிடாதீங்க. வனத்துறை கேஸ் போடும். மரக்கடையில விழற பூவரசு, வேம்பு, மாமரத் துண்டுகளே பழகறதுக்குத் தாராளம்.

இதெல்லாம் கத்துக்குட்டி வேலையாச்சே?

சில பெரியவங்க சிரிப்பாங்க. 'நாங்க எல்லாம் வெறுங்கையிலேயே தீட்டுவோம் தம்பி.' உண்மைதான். கயிறு இழுத்துச் சுத்தற கடைசல் காலத்துல இருந்து, தலைமுறை தலைமுறையா வேலை பார்த்த கைக்கு ஆங்கிள் விரல் நுனியில இருக்கும். கல்லில் பட்ட சத்தத்தை வெச்சே சரிவு உட்கார்ந்துடுச்சான்னு சொல்லிடுவாங்க. அவங்களுக்குப் பெரிய சல்யூட். வழிகாட்டி அவங்களுக்குப் போட்டி இல்லை.

கிணத்துல நீச்சல் பழகும்போது முதுகுல சுரைக்குடுக்கை கட்டுவாங்களே, அதுதான் இது. குடுக்கை நீச்சல் அடிக்காது, கை காலை நீங்கதான் ஆட்டணும். ஆனா மூழ்க விடாது. பத்து தடவை, இருபது தடவை வழிகாட்டியில தீட்டிப் பாருங்க. ஒழுங்கா உட்கார்ந்த சரிவு எப்படி இருக்கும், அதோட சத்தம் எப்படி, தீப்பொறி எப்ப வாயைத் தாண்டி மேலே வழியுதுன்னு உங்க கைக்கும் காதுக்கும் தானா பழகிடும். சரியான கூர் எப்படி இருக்கும்னு தெரிஞ்சாதானே, தப்பான கூர் எதுன்னு தெரியும்?

கூராயிடுச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? வாயை வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க. வெள்ளையா ஒரு கோடு மின்னினா இன்னும் மொக்கை. கோடே தெரியலைன்னா கூர். அப்புறம் லேத்துல வையுங்க. தூளா கொட்டாம, சுருள் சுருளா ரிப்பன் மாதிரி வந்து கையில விழணும். சென்னபட்டணாவில் சுத்தற பொம்மை மேல அரக்கை அழுத்தி, அந்த உரசல் சூட்டுலயே உருக்கிப் பூசி, தாழை இலையால தேய்ச்சு மினுமினுப்பு ஏத்துவாங்க. அந்த மினுமினுப்பு அரக்குல மட்டும் இல்லை பாஸ், அதுக்கு அடியில இருக்கிற சுத்தமான வெட்டுல இருக்கு.

இந்த சனி, ஞாயிறுக்கு பிளான் ரெடியா? ஒரு பிளைவுட் துண்டு, ஒரு சட்டம், ஒரு போல்ட், ஒரு மார்க்கர். கிரைண்டருக்கு ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர்கிட்ட பணிவா ஒரு பெர்மிஷன் கேளுங்க, அவரையே பக்கத்துல நிக்க வெச்சுக்கோங்க. முதல் சுருள் விழுந்ததும், ஒரு பம்பரம் கடைங்க. ஆணி அடிச்சு, சாட்டையைச் சுத்தி, கேம்பஸ் நடுவுல விடுங்க. தள்ளாடாம நின்னு சுத்துதா? அப்போ, உங்க ஆங்கிள் கரெக்டுங்கோ!